பழைய பிரெஞ்சு கொமோட் வாங்கப் போகிறீர்களா? முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள்

கடைக்குள் போனதும் கொமோட்டின், அதாவது துணிமணி வைக்கும் அந்த இழுப்பறைப் பெட்டகத்தின், மேல் லாச்சியை முழுதாக வெளியே இழுங்கள். தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். விற்பவர் அந்த நேரத்தில் மேலே உள்ள மாபிள் பலகையைப் பற்றியும் வெண்கலப் பிடிகளைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருப்பார், கதைக்கட்டும். அந்த லாச்சியின் அடிப்பலகை சொல்லுகிற விஷயத்தை அவர் சொல்ல மாட்டார். சில நேரம் அவருக்கே தெரிந்திருக்காது. பாரிசில் இருந்துகொண்டு பழைய தளபாடங்களைப் பார்ப்பதும் எப்போதாவது வாங்குவதுமாக நிறைய வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில், நானே காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

லாச்சி என்று எங்கள் ஊரில் சொல்வதைத்தான் தமிழ்நாட்டில் இழுப்பறை, டிராயர் என்கிறார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. கதிரையும் மேசையும் அலுமாரியும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கொமோட் என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. நம்மில் பலருக்கு அதைக் கேட்டதும் கழிப்பறைதான் நினைவுக்கு வரும். ஆனால் பிரெஞ்சில் அதற்கு 'வசதியானது' என்று பொருள். அதற்கு முன் துணிமணிகளை மூடி வைத்த பெரிய பெட்டகத்தில்தான் வைத்தார்கள், அடியில் கிடக்கும் ஒரு சட்டையை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் வெளியே அள்ள வேண்டும். 1700ஐ ஒட்டிய வருடங்களில் அந்தப் பெட்டகத்துக்கு முன்பக்கமாக லாச்சிகளைப் போட்டார்கள், அது வசதியாக இருந்தது, அந்த வசதியே பெயராகிவிட்டது. 14ஆம் லூயியின் திரியானோன் மாளிகைக்கு ஆந்திரே-ஷார்ல் பூல் 1708ல் செய்து கொடுத்த சோடியை இந்த வகையின் மூத்த உதாரணங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். கதிரைக்குள் மலச்சட்டி வைத்து அதற்கு இந்தப் பெயரைச் சூட்டியது பின்னால் வந்த ஆங்கிலேயர், நமக்கு அந்த வழியாகத்தான் சொல் வந்து சேர்ந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்த லூயி என்று முதலில் பிரித்துப் பழகுங்கள்

இதற்குப் படிப்பு வேண்டாம், காலைப் பார்த்தால் போதும்.

14ஆம் லூயி காலத்தின் கடைசியிலும் அதையடுத்த ரெஜான்ஸ் காலத்திலும் கொமோட் கனமானது, மூன்று வரிசை லாச்சி, கால் கட்டை. தரையோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் 'தொம்போ', அதாவது கல்லறை வடிவம், என்று ஒரு வகைக்கே பெயர் இருக்கிறது. 15ஆம் லூயி பாணியில் கால் நீண்டு வளையும், உடம்பு முன்னாலும் பக்கங்களிலும் பானை மாதிரிப் புடைக்கும், லாச்சி பெரும்பாலும் இரண்டாகக் குறையும். நல்ல பாரிஸ் வேலையில் இரண்டு லாச்சிக்கும் நடுவே சட்டமே கண்ணுக்குத் தெரியாது, ஒரே திரைச்சீலை போல மரப்பதிப்பு மேலிருந்து கீழ்வரை ஓடும். வெண்கலம் இடமும் வலமும் ஒத்திருக்காமல் இலையும் சிப்பியுமாகச் சுருண்டு போகும். 1760களில் ஒரு இடைக்காலம் வந்தது. உடம்பு நேராகிவிட்டது, நடுப்பகுதி கொஞ்சம் முன்னே தள்ளி நிற்கும், கால் மட்டும் பழைய வளைவை விட மனமில்லாமல் லேசாக வளைந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். 16ஆம் லூயி பாணியில் எல்லாம் நேர்கோடு. கால் பம்பரம் போல கீழே கூம்பும், தூணில் குழிக்கோடுகள் ஓடும், கடைசி வருடங்களில் மகோகனி மரம் நிறைய வரும். சுவரோடு ஒட்டி நிற்கும் அரைவட்டக் கொமோட்டும் இந்தக் காலத்தது.

அரசன் ஆண்ட வருடத்தையும் பாணியையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம். 16ஆம் லூயி அரசனானது 1774ல், அவர் பெயரில் உள்ள பாணி அதற்குப் பல வருடம் முன்பே பாரிசில் வந்துவிட்டது. மறுபுறம் மாகாணங்களில் இருந்த தச்சர்கள் 15ஆம் லூயியின் வளைவுகளை அந்த அரசன் போய்ப் பல வருடம் கழிந்தும் விடவில்லை. கண்ணைப் பழக்க வேண்டுமானால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். லூவரில் மத்தியூ கிரியார் 1742ல் மதாம் து மாய்யிக்காகச் செய்த நீலமும் வெள்ளையுமான கொமோட் இருக்கிறது. லண்டன் போகிறவர்கள் வாலஸ் சேகரிப்பில், 15ஆம் லூயியின் வேர்சாய் படுக்கையறைக்கு 1739ல் கோத்ரோ செய்து கொடுத்த கொமோட்டைப் பாருங்கள். அதன் வெண்கலம் காஃபியேரியுடையது, மரத்தின் மேல் கொடி படர்வது போலப் படர்ந்திருக்கும். வாங்கப் போவது ஆயிரம் யூரோ பொருளாக இருந்தாலும், உச்சத்தில் உள்ளது எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

எப்போக், ஸ்தீல்: இந்த இரண்டு சொல்லில்தான் காசு இருக்கிறது

'எப்போக் லூயி 15' என்றால் அந்தக் காலத்திலேயே செய்தது. 'ஸ்தீல் லூயி 15' என்றால் அந்தப் பாணியில் செய்தது. அது 1880லும் இருக்கலாம், 1960லும் இருக்கலாம். பிரான்சில் இது வெறும் பேச்சுவழக்கு இல்லை. 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட அரசாணை ஒன்று இந்தச் சொற்களுக்குச் சட்டப் பொருள் கொடுத்திருக்கிறது. பொருளின் பெயரையடுத்து ஒரு காலத்தையோ நூற்றாண்டையோ எழுதினால், அது அந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். 'ஸ்தீல்', 'தான் ல கூ து' (அந்த ரசனையில்) போன்ற சொற்களைப் போட்டால் எந்த உத்தரவாதமும் இல்லை. 'அத்ரிபுயே' என்று ஒரு கைவினைஞர் பெயருக்கு முன் வந்தால், பொருள் அவர் காலத்தது, அவர் செய்திருக்கலாம் என்று நம்பப் பலமான காரணம் உண்டு, அவ்வளவுதான்.

நான் முதலில் வாங்கிய கொமோட்டை ஒரு கிராமத்துப் பழம்பொருள் சந்தையில் வாங்கினேன், 2,400 யூரோ. விற்றவர் அரைமணி நேரம் 'எப்போக், எப்போக்' என்றே சொன்னார். நான்கு மாதம் கழித்து, தூக்கிக்கொண்டிருந்த வெனீரை (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகட்டை) ஒட்டுவதற்காக ஒரு வயதான மரவேலைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் லாச்சியைத் திருப்பி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, விரலால் ஒரு வளைவைக் காட்டினார். தேங்காயைப் பாதியாக வெட்டினால் தெரியும் விளிம்பு போல ஒரே அளவான வில்கள், பலகை முழுக்க வரிசையாக. வட்ட வாள் ஓடிய தடம். 18ஆம் நூற்றாண்டுத் தச்சுப்பட்டறையில் வட்ட வாள் கிடையாது. "மெசியூ, பில்லைப் பாருங்கள்" என்றார். பில்லில் 'ஸ்தீல் லூயி 15' என்று தெளிவாக எழுதியிருந்தது. வாயால் சொன்னது வேறு, கையால் எழுதியது வேறு, அதனால் திருப்பிக் கேட்கவும் எனக்கு வழி இல்லாமல் போனது. ஆகவே காசு கைமாறும் முன்பே பில்லை எழுதச் சொல்லி வாசியுங்கள். காலம், முக்கியமான மரம், எந்தப் பகுதிகள் மாற்றப்பட்டவை என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். எழுதத் தயங்குகிறார் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஸ்தீல் பொருள் வாங்குவது தவறு என்று நினைத்துவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில் லின்க், டசோன், பெர்தலே போன்ற பட்டறைகள் அரசர் காலத்துப் பொருட்களுக்கு இணையான வேலை செய்தன, அவற்றுக்குத் தனியாகப் பெரிய சந்தையே இருக்கிறது. ஸ்தீலுக்கு ஸ்தீல் விலை கொடுத்தால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு போவது

பழைய கடும் மரத் தளபாடங்களின் விலை இந்த 25 வருடத்தில் நன்றாக இறங்கிவிட்டது. இளையவர்களின் வீடு சிறியது, அவர்களுக்கு இந்தக் கனம் பிடிப்பதில்லை. வாங்குகிறவருக்கு இது நல்ல காலம். ஏல அறைகளில் நான் பார்த்துவரும் அளவில், 20ஆம் நூற்றாண்டு ஸ்தீல் கொமோட் ஒன்று 200 யூரோவிலிருந்து சில நூறுக்குள் போகும். மாகாணத்தில் வால்நட் மரத்தில் செய்த உண்மையான 18ஆம் நூற்றாண்டுக் கொமோட், திருத்தங்களோடு, ஆயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குள் அடிக்கடி கிடைக்கும். முத்திரை உள்ள பாரிஸ் வேலை அதற்கு மேலே தொடங்கி, கைவினைஞரின் பெயருக்கு ஏற்ப எங்கு வேண்டுமானாலும் போகும். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு என் சொந்தக் கருத்து: அந்த மாகாண வால்நட் கொமோட்டைத் தேடுங்கள். அதில் வெனீர் இல்லை, திடமான மரம். அதனால் ஏமாற்றுவது கடினம், பழுது பார்ப்பது சுலபம், கையால் தடவினால் பட்டு மாதிரி இருக்கும். அதே காசுக்குப் பளபளக்கும் வெண்கலத்தோடு ஒரு பாரிஸ் கொமோட் கிடைக்கிறது என்றால், அதில் பாதி பின்னால் சேர்க்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனிப் பரிசோதனை

ஒரு சிறிய டோர்ச், அளவு நாடா, பூதக்கண்ணாடி, பழைய துணி. இவை போதும். அவசரப்படுத்துகிற இடத்தில் வாங்க வேண்டாம்.

முதலில் கொமோட்டைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லி முதுகைப் பாருங்கள். பாரிஸ் வேலையென்றால் உள்ளுடம்பு பெரும்பாலும் ஓக், மலிவான பட்டறைகளில் பைன், மாகாணத்தில் வால்நட், பொப்லர், கைக்குக் கிடைத்த எதுவும். பின்பலகை கரடுமுரடாக இருப்பதுதான் அழகு. சுவர் பார்க்கும் பக்கத்தை இழைக்க அந்தக் காலத்தில் யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. விரல் நுனியை மரத்தின் குறுக்கே ஓட்டினால் மெல்லிய அலை அலையாகத் தெரியும், கை இழைப்புளி போன தடம் அது. கைவாள் தடம் நேர்கோடாக, ஆனால் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருக்கும். முதுகு முழுக்க ஒரே தேநீர் நிறத்தில் சாயம் பூசியிருந்தால் நின்று யோசியுங்கள். உண்மையான பழமை இடத்துக்கு இடம் மாறும்: காற்றுப்பட்ட இடம் சாம்பல், கை பட்ட இடம் கறுப்பு, மூடிக் கிடந்த இடம் இன்னும் வெளிர்.

அப்புறம் லாச்சி. மூலைகளில் பலகைகள் கோர்த்திருக்கும் இடத்தை நம் தச்சர்கள் புறாவால் மூட்டு என்பார்கள், பிரெஞ்சுக்காரர் தகைவிலான் குருவியின் வால் என்கிறார்கள். குருவி எதுவானாலும் வால்கள் கையால் வெட்டியவையாக இருக்க வேண்டும்: எண்ணிக்கையில் குறைவு, அளவில் சமமில்லை, வெட்டுக்கோடு சில இடத்தில் கொஞ்சம் தாண்டிப் போயிருக்கும். இயந்திரத்தில் வெட்டியது சீப்பின் பல் போல ஒரே சீராக இருக்கும். பக்கப்பலகையின் அடிவிளிம்பைப் பாருங்கள். 250 வருடம் இழுத்துத் தள்ளியதில் அது பின்பக்கமாகச் சரிந்து தேய்ந்திருக்கும், அல்லது தேய்ந்த இடத்துக்குப் புதிய பட்டி ஒட்டியிருப்பார்கள். உடம்புக்குள் கையை விட்டு லாச்சி ஓடுகிற தடத்தைத் தடவுங்கள். அங்கும் அதே அளவு பள்ளம் இருக்க வேண்டும். லாச்சி தேய்ந்திருக்கிறது, தடம் புதிதாக இருக்கிறது என்றால் ஒன்று தடத்தை மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் இந்த லாச்சி வேறு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. எல்லா லாச்சிகளையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். ஒரே மரம், ஒரே தடிப்பு, ஒரே கை என்பது பார்த்த உடனே விளங்கும்.

லாச்சி முகத்தின் உள்பக்கத்தில் டோர்ச் அடியுங்கள். பிடி பூட்டிய துளைகளைத் தவிர அடைத்த துளைகள் வேறு இருக்கின்றனவா? இருந்தால் பிடியை மாற்றியிருக்கிறார்கள். பெரிய குற்றம் இல்லை, பாணி மாறினால் பிடி மாற்றுவது அன்றே நடந்த வேலை. ஆனால் உள்ளே மூன்று துளைத்தடம், வெளியே இரண்டு என்று கணக்கு ஒத்துவராவிட்டால் வெனீர் பின்னால் ஒட்டியது.

வெனீருக்கு வருவோம். கையால் அறுத்த 18ஆம் நூற்றாண்டு வெனீர் தடிப்பானது, ஒன்றரை இரண்டு மில்லிமீற்றர் இருக்கும், ஒரே பலகையிலும் கூடிக்குறையும். இயந்திரத்தில் சீவியது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, காகிதம் மாதிரி. லாச்சி விளிம்பில் சிதைந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்தால் தடிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் காலத்து முக்கியமான மரங்கள் 'புவா து வியோலெத்', 'புவா து ரோஸ்', அமராந்த். முதல் இரண்டும் பிரேசிலிலிருந்து வந்தவை, நம் ஊரில் ஈட்டி அல்லது தோதகத்தி என்று சொல்லும் மரத்தின் இனத்தையே சேர்ந்தவை. இந்த உறவு ஏற்றுமதி நேரத்தில் ஒரு சிக்கலைக் கொண்டுவரும், அதைக் கடைசியில் சொல்கிறேன். இன்று தேன் நிறத்தில் அடக்கமாகத் தெரிகிற மரப்பதிப்பு செய்த அன்று இளஞ்சிவப்பும் ஊதாவும் பச்சையுமாக இருந்தது. வெளிச்சம் அதை வெளிறவைத்துவிட்டது. ஒரு வெண்கலத்தைக் கழற்ற விட்டால் அதன் அடியில் பழைய நிறம் கொஞ்சம் மிஞ்சியிருப்பதைப் பார்க்கலாம். வெளியேயும் வெண்கலத்தின் அடியிலும் ஒரே நிறம் என்றால் பூச்சைச் சுரண்டிப் புதுப்பித்திருக்கிறார்கள், அல்லது வெண்கலம் நேற்று வந்தது.

பக்கங்களில் வெடிப்பே இல்லாத 18ஆம் நூற்றாண்டு வெனீர் கொமோட்டை நான் உடனே நம்ப மாட்டேன். உள்ளே இருக்கும் திடமான ஓக் குறுக்குவாட்டில் சுருங்கும், மேலே ஒட்டிய வெனீர் அதோடு சேர்ந்து சுருங்காது, ஆகவே உள்பலகைகள் சேருமிடத்தில் மேலே ஒரு நீளமான கீறல் வந்தே தீரும். நன்றாக நிரப்பி மறைத்திருக்கலாம், சாய்வாக வெளிச்சம் அடித்தால் தெரியும்.

உளு அரித்த துளைகளைக் கண்டதும் பயப்படத் தேவையில்லை, ஆனால் வடிவைப் பாருங்கள். வண்டு வெளியே வரும் துளை சிறிய வட்டம், ஒன்றிரண்டு மில்லிமீற்றர். அதற்குப் பதிலாகப் பலகையின் மேற்பரப்பில் அரைக்குழாய் மாதிரி நீளமான ஓடைகள் திறந்து கிடந்தால், உளு அரித்த பழைய பலகையை யாரோ பிறகு அறுத்திருக்கிறார்கள். பழைய மரத்தில் செய்த புதிய தளபாடத்தை இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். துளையருகே புதிய வெளிர் தூள் கொட்டினால் உளு உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவரும் முன் சிகிச்சை செய்யுங்கள்.

வெண்கலத்தின் முன்பக்கம் யாரையும் மயக்கும், அதனால் திருப்பிப் பாருங்கள். பாதரசத்தோடு தங்கம் கலந்து பூசிச் சூடாக்கிய பழைய முறையில் பின்பக்கத்துக்குத் தங்கம் பூச மாட்டார்கள், ஓரங்களில் வழிந்த சொட்டுகள் மட்டும் இருக்கும். மின்சார முலாம் 1840களில் வந்தது, அதில் முன்னும் பின்னும் ஒரே மஞ்சளாக இருக்கும். பூதக்கண்ணாடியில் சில வெண்கலங்களில் கிரீடத்தோடு ஒரு சிறிய C எழுத்து தெரியும். 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைப் பொருட்களுக்கு விதித்த வரியின் முத்திரை அது. அந்த வெண்கலம் அந்த வருடங்களில் கைமாறியது என்பதற்குச் சான்று, கொமோட்டுக்குச் சான்று அல்ல.

மாபிளை இரண்டு பேராகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழையது உளியால் கொத்தியது போலக் கரடாக இருக்கும், இயந்திரத்தில் அறுத்தது கண்ணாடி போல மட்டமாக இருக்கும். விளிம்பின் வளைவு கொமோட்டின் வளைவை எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் பின்தொடர வேண்டும். மாபிள் உடைவதும் மாற்றுவதும் சாதாரணம், உடைந்து ஒட்டிய பழைய மாபிளை நான் புதியதைவிட மேலாக மதிப்பேன். 'பிரேஷ் தலெப்' என்று ஓர் அழகான மாபிள் இருக்கிறது, பெயர் சிரியாவின் அலெப்போவைச் சொல்லும், கல் வந்தது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் பக்கத்திலிருந்து.

முத்திரையை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

மாபிளைத் தூக்கியதும் நான்கு தூண்களின் தலையில் டோர்ச் அடியுங்கள். எஸ்தாம்பீ என்று சொல்லும் கைவினைஞர் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் அடித்திருக்கும், இரும்பு அச்சால் மரத்துக்குள் இறங்கிய பெயர். பாரிஸ் தளபாடத் தச்சர் சங்கத்தின் 1743ஆம் வருட விதிகள் இதைக் கட்டாயமாக்கின, 1751ல்தான் அவை முறைப்படி பதிவாகின, 1791ல் சங்கங்களே ஒழிக்கப்பட்டன. பக்கத்தில் JME என்ற மூன்று எழுத்து இருந்தால் சங்கத்தின் மேற்பார்வையாளர் பார்த்து ஏற்றார் என்று பொருள்.

முத்திரை இல்லையென்றால் போலி என்று அர்த்தமில்லை. அரசருக்காக வேலை செய்தவர்களும் ஃபோபூர் சாந்-அந்துவான் பகுதியில் இருந்தவர்களும் சங்கத்தின் கைக்கு வெளியே இருந்தார்கள். முத்திரை இருக்கிறது என்பதால் அந்தப் பெயர்க்காரர்தான் செய்தார் என்றும் இல்லை. பழுது பார்த்தவர் தன் முத்திரையை அடித்ததும் உண்டு, விற்ற வியாபாரி அடித்ததும் உண்டு. பிற்காலத்தில் போலி அச்சு செய்து அடித்தவர்களும் நிறைய. எழுத்தின் பள்ளத்துக்குள் இருக்கும் நிறம் சுற்றியுள்ள மரத்தின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். பள்ளம் வெளிராக இருந்தால், அல்லது அழுக்கு வேண்டுமென்றே திணித்தது போலக் கறுப்பாக இருந்தால், முத்திரையே இல்லாத பொருளாக எண்ணி விலை பேசுங்கள்.

அரண்மனை அடையாளங்கள் இன்னும் ஆபத்தானவை. வேர்சாயின் கிரீடமும் இரட்டை V எழுத்தும், தளபாடக் காப்பகத்தின் எண்களும் உண்மையிலேயே உண்டு. புரட்சிக்குப் பிறகு 1793 ஓகஸ்ட் தொடங்கி ஒரு வருடம் வேர்சாயின் பொருட்களை ஏலம் விட்டார்கள், 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகள். மாரி அந்துவானெத்தின் தளபாடங்களைச் செய்த ரீசனரே தன் பழைய வேலைகளில் சிலவற்றைத் திரும்ப வாங்கினார். அப்படிச் சிதறியதால் எந்த வீட்டுப் பரணிலும் அரண்மனைப் பொருள் இருக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, மோசடிக்காரர் அந்த ஆசையைத்தான் விற்கிறார்கள். 2016ல் வெளிவந்த போலிக் கதிரை வழக்கை நினைத்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு அரச கதிரைகள் என்று வேர்சாய் அரண்மனையே வாங்கிய சில, நம் காலத்தில் செய்தவை என்று தெரியவந்தது. செய்தவர்களில் ஒருவர் அந்தத் துறையிலேயே பெயர்பெற்ற நிபுணர். 2025ல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அரண்மனைக் காப்பாளர்களே ஏமாந்த இடத்தில், சந்தையில் நிற்கும் நாம் 'இது திரியானோனிலிருந்து வந்தது' என்ற கதைக்கு ஒரு யூரோவும் கூடக் கொடுக்கத் தேவையில்லை.

எங்கே வாங்குவது

லா சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிற நம்மவர்களுக்கு ஒரு செய்தி: கார் து நோர் ரயில் நிலையத்தில் 4ஆம் இலக்க மெத்ரோவில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் போர்த் து கிளிஞான்கூர், இறங்கி நடந்தால் சாந்த்-உவான் பழம்பொருள் சந்தை. சனி, ஞாயிறு, திங்கள் திறந்திருக்கும். பொல் பேர், செர்பெத், பிரோன் என்ற பகுதிகளில் நல்ல தளபாடக்காரர் இருக்கிறார்கள். விலை கூட, ஆனால் தொட்டுப் பார்க்க விடுவார்கள், பில் தருவார்கள், திங்கட்கிழமை கூட்டம் குறைவு என்பதால் நின்று கதைப்பார்கள். வாங்காவிட்டாலும் நான்கு முறை போய்வாருங்கள்.

என் காசு பெரும்பாலும் ஏலத்தில்தான் போகிறது. பாரிசின் துரூஓ ஏல மாளிகையில் விற்பனைக்கு முதல்நாளும் அன்று காலையும் பொருட்களை யாரும் இலவசமாகப் போய்ப் பார்க்கலாம், லாச்சியை இழுக்கலாம், கேட்டால் மாபிளைத் தூக்கியும் காட்டுவார்கள். பட்டியலில் உள்ள சொற்களை வடிவாக வாசியுங்கள். 'ஆன் பார்த்தி தெப்போக்' என்றால் ஒரு பகுதிதான் அந்தக் காலத்தது. 'எலெமான் ஆன்சியேன்' என்று வந்தால் பழைய துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. 'அக்சிடான் ஏ மாங்க்' என்றால் உடைவும் குறைவும் உண்டு. இந்தச் சொற்களைச் சிறிய எழுத்தில் கடைசியில் போடுவார்கள்.

சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. வாங்குபவர் கட்டணமாக வரியோடு பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் சேரும். 2,000 யூரோவுக்குச் சுத்தியல் விழுந்து கட்டணம் 28 சதவீதம் என்றால் 2,560. கை தூக்கும் முன் உங்கள் எல்லையை இந்தக் கணக்கோடு ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், ஏல அறையின் சூட்டில் 100 யூரோ மிகச் சின்னதாகத் தெரியும். குறித்த நாளில் எடுக்காவிட்டால் களஞ்சியக் கட்டணம் ஓடத் தொடங்கும், அதனால் வான்காரரை முதலே பேசி வையுங்கள். பிழை தெரியவந்தால் ஏல நிறுவனத்தின் மேல் வழக்குப் போட விற்பனை நாளிலிருந்து ஐந்து வருடம் இருக்கிறது, பட்டியலையும் பில்லையும் எறிந்துவிடாதீர்கள்.

இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவதென்றால் முதுகு, லாச்சியின் அடி, புறாவால் மூட்டு, மாபிளின் அடி, தூண் தலை என்ற ஐந்து படத்தைக் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

130 சென்ரிமீற்றர் நீளமும் 65 அகலமும் இரண்டரை தடிப்பும் உள்ள மாபிள் சுமார் 55 முதல் 60 கிலோ வரும். அதைப் படுக்கையாகத் தூக்கினால் தன் கனத்திலேயே முறிந்துவிடும், கண்ணாடி போல நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். லாச்சிகளை எடுத்து எண்ணிட்டுத் தனியாகக் கட்டுங்கள். உடம்பைத் தூக்கும்போது அடிச்சட்டத்தில் பிடியுங்கள், வெண்கலத்தில் ஒருபோதும் கை போடாதீர்கள். படிக்கட்டின் அகலத்தை முதலே அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பாரிசின் பழைய வீடுகளில் இது உண்மையான பிரச்சினை.

கனடாவுக்கோ இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அனுப்ப நினைப்பவர்களுக்கு, ஈட்டி உறவைப் பற்றி முன்பு சொன்னேனே, அதுதான் இங்கே வருகிறது. இந்த மர இனம் கிட்டத்தட்ட முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அந்த மரம் பத்து கிலோ வரை மட்டும் உள்ள பொருட்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் கொமோட்டின் வெனீரைத் தனியாக நிறுத்துப் பார்க்க முடியாது என்பதால் பழமையைக் காட்டும் சான்றிதழை முதலே எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. பூல் வகை வேலையில் ஆமை ஓடு இருக்கும், அதற்கு விதி இன்னும் கடுமை. விற்பவரிடமும் கப்பல் முகவரிடமும் காசு கொடுக்கும் முன்பே இதை எழுத்தில் கேட்டுவிடுங்கள். வால்நட் கொமோட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

வீட்டில் ஹீற்றரிலிருந்தும் நேர் வெயிலிலிருந்தும் தள்ளி வையுங்கள். குளிர்காலத்தில் அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வெனீர் தூக்காது, ஒரு சின்ன மானி வாங்கி வைத்தால் போதும். தூக்கினால் நவீன பசை எதையும் வைக்காதீர்கள். பழைய வேலை முழுவதும் தோலும் எலும்பும் காய்ச்சிய பசையில் ஒட்டியது, அதைச் சூட்டாலும் ஈரத்தாலும் திரும்ப இளக்கலாம், சுப்பர் குளூ போட்டதை யாராலும் திருத்த முடியாது. வருடத்துக்கு ஒருமுறை தேன்மெழுகு, அதுவும் கொஞ்சமாக. பித்தளை மினுக்கும் திரவத்தை வெண்கலத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம், தங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும்.

இப்போது எங்கள் வீட்டில் நிற்பது மூன்று வரிசை லாச்சியுள்ள ஒரு வால்நட் கொமோட், முத்திரை இல்லை, பெயர் இல்லை. நடு லாச்சியின் பூட்டுத் துளையைச் சுற்றி மரம் ஒரு காசு அளவுக்குக் குழிந்து கறுத்திருக்கிறது, திறப்பைத் தேடித் தேடி விரல் பட்ட இடம். மகள் தன் பள்ளிக்கூடச் சாமான்களை அந்த லாச்சியில்தான் வைக்கிறாள். ஈரமான ஒக்டோபரில் அது கொஞ்சம் இறுகும், அடிவிளிம்பில் மெழுகுதிரியை ஒருமுறை தேய்த்தால் மறுபடி ஓடும்.